கண்ணாடிக் கட்டடத்தின் கீழே பிடுங்கிய புல்

ஒரகடம் ரோட்டில் அந்த ஒன்பது மாடி ஆபீஸைக் கட்டி முடித்ததும் தோட்ட வேலைக்கு என்னை எடுத்தார்கள். அதுவரை மணிமங்கலம் பக்கம் கழனியில் களை பறித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கழனியை மனை போட்டுவிட்டார்கள். இந்த வேலை போனால் வேறு வேலை இல்லை.

கட்டடம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு நாங்கள் தெரிவோம். எங்களுக்குக் கண்ணாடியில் வானம்தான் தெரியும். யாரோ பார்க்கிறார்கள் என்ற பயத்தில் நிமிரவே மாட்டேன்.

ஒருமுறை இரண்டு நாள் லீவு முடிந்து போனேன். "வாசலாண்ட களை எடுத்துடுக்கா. நாளைக்குப் பெரிய ஆளுங்க வராங்க" என்றார் சூப்பர்வைசர். வாசலோரம் கோரை மண்டிக் கிடந்தது. ஒன்றுவிடாமல் பிடுங்கிக் கூடையில் அள்ளி, பின்பக்கம் கொட்டப் போனேன். அங்கே நர்சரியிலிருந்து வந்த கறுப்புப் பைகள் காலியாகக் குவிந்திருந்தன. ஒரு பையில் மட்டும் செடி மிச்சம் இருந்தது. என் கூடையில் இருந்த அதே புல். நான் லீவில் இருந்தபோது நட்டிருக்கிறார்கள்.

கூடையோடு ஓடி வந்து, பிடுங்கிய குழிகளிலேயே திரும்ப நட ஆரம்பித்தேன். பின்னால் சூப்பர்வைசரின் செருப்புச் சத்தம் கேட்டது.

"இன்னாக்கா பண்ணி வச்சிக்கீற? அழகுக்கு வச்ச புல்லுக்கா அது!"

"கோரைன்னு நெனச்சுட்டேன் சார்."

"நல்லா நெனச்ச போ. பாஸைக் கழட்டு."

கேட் பாஸை வாங்கிக்கொண்டால் வேலை போனதாக அர்த்தம். பைப்பை உடைத்த ஒருத்திக்கு அப்படித்தான் ஆனது. கழற்றிக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பேண்ட்டை முழங்கால் வரை மடித்து என் எதிரே உட்கார்ந்தார். "மேல எவனாவது பாத்தா எனக்கும் ஆப்புதான். சீக்கிரம் நடு."

சாயந்திரம் வரை இருவரும் நட்டோம். பாஸைப் பற்றி அவர் பேசவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தேன். அவர் வண்டி என்னைத் தாண்டிப் போய் நின்றது.

"வாய தொறந்து கேக்க மாட்டியா? இந்தா பாஸு. காத்தால ஆறு மணிக்கே வந்து தண்ணி வுடு."

விடிந்து பார்த்தால் பாதிப் புல் நுனி சுருண்டு கிடந்தது. கார்கள் வந்தன. பெரிய ஆட்கள் இறங்கினார்கள். ஒருவர் நின்று புல்லைப் பார்த்தார். அவர் ஷூவில் ஒட்டிய சேற்றைப் படியில் தேய்த்துவிட்டு உள்ளே போனார்.