கால் பார்க்கும் டாக்டர்

கட்டைவிரலை என் கணுக்காலுக்கு மேலே அழுத்தி, மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுகிறார் டாக்டர் சந்திரமௌலி. விரலை எடுத்ததும் குழி விழுந்திருக்கிறது. "ரெண்டு டம்ளர் மோர் அதிகமாப் போயிருக்கு. மறைக்காதீங்கோ. வாய் என்ன வேணா சொல்லட்டும், எனக்குக் கால் போறும்." உண்மையில் மூன்று டம்ளர். சிறுநீரகம் பழுதான எங்களுக்குத் தண்ணீர்கூட அளவுதான்.

செம்பூரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் ஆறு டயாலிசிஸ் இயந்திரங்கள் வைத்திருக்கும் சிறுநீரக நிபுணர் அவர். மாட்டுங்காவிலிருந்து பஸ்ஸில்தான் வருவார். எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. செருப்பு வாரைப் பார்ப்பார். வார் சதையில் பதிந்திருந்தால் அந்த ஆள் தொலைந்தார். "கிரியாட்டினின் எப்போ பாத்தேள்?" என்று ரத்தப் பரிசோதனைக் கணக்குக் கேட்பார். ஒரு பெண்மணி நன்றாகத் திட்டிவிட்டு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போனாராம்.

எங்களில் பெரும்பாலோர் அரசுக் காப்பீட்டு அட்டையில் வருகிறவர்கள். செவ்வாய், வியாழன், சனி, நாலு நாலு மணி நேரம். போன மாதம், ஒவ்வொரு தடவைக்கும் மையத்துக்குத் தரும் தொகையில் கால்வாசியை அரசு குறைத்துவிட்டது. நிபுணர்கள் சங்கம் மனு கொடுத்தது, கூட்டம் போட்டது, கடைசியில் தீர்மானம் போட்டது: தொகையை உயர்த்தாவிட்டால் ஒன்றாம் தேதி முதல் எந்த மையத்திலும் அட்டைக்காரர்களுக்கு டயாலிசிஸ் கிடையாது. அடப் பாவிகளா! அரசாங்கத்தின் மேல் கோபமென்றால் எங்கள் கழுத்திலா கை வைப்பது? சங்கச் செயலாளர் வேறு யாருமில்லை, இவரேதான். தீர்மானத்தை எழுதியதும் இவர் கைதான். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை என்பதை, காலைப் பார்க்காமலே நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம்.

இந்த வியாழக்கிழமை காலை, சங்கத்திலிருந்து ஐந்து டாக்டர்கள் காப்பீட்டு அதிகாரியைப் பார்க்கப் போனார்கள். கிடைத்தது பத்து நிமிடம். பேச வேண்டியவர் இவர். மேசைக்கடியில் அதிகாரியின் கால் கண்ணில் பட்டுவிட்டது. எட்டு நிமிடம் உப்பு, ரத்த அழுத்தம், பரிசோதனை என்றே போயிற்று. அதிகாரி எல்லாவற்றையும் அக்கறையாகக் குறித்துக்கொண்டு, கோப்பு பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லி எழுந்துவிட்டார். திரும்பும்போது மற்ற நால்வரும் டாக்ஸியிலேயே இவரை வறுத்தெடுத்திருக்கிறார்கள். "வீங்கின காலப் பாத்துண்டு எப்படிச் சும்மா இருக்கறது? என்ன பண்ணட்டும் நான்?" என்று மதியம் மையத்துக்கு வந்து எங்களிடமே கேட்டார், சிரிக்காமல்.

பக்கத்துப் படுக்கை பேச்சிராஜாவுக்கும் சிரிப்பு வரவில்லை. தாராவியில் தோல் பை தைக்கிறவர். "சனிக்கெளம ஒண்ணாந் தேதில்லா டாக்டர்? நாங்க வரணுமா வேண்டாமா, பக்காவா சொல்லிருங்க. ரெண்டு தடவ விட்டாலே எனக்கு மூச்சு முட்டிரும்லா."

 டாக்டர் கையில், ஒன்றாம் தேதி முதல் டயாலிசிஸ் கிடையாது என்று சங்கம் அச்சடித்த அறிவிப்பு. மற்ற மையங்களின் கதவில் ஒட்டியாகிவிட்டது. "எல்லாருமா ஒட்டினாத்தான் கவர்ன்மென்ட் காதுல விழும். நான் ஒருத்தன் ஒட்டலேன்னா மத்தவா மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று முணுமுணுத்தபடி நர்ஸ் பானுமதியிடம் பிளாஸ்திரிச் சுருளை வாங்கினார். நான்கு மூலைக்கு நான்கு துண்டு கிழித்து, என் இயந்திரத்தின் ஓரத்தில் வரிசையாகத் தொங்கவிட்டார். 

அதற்குள் என் நாலு மணி நேரம் முடிந்திருந்தது. பானுமதி ஊசிகளை உருவினார். வைத்த பஞ்சு நனைந்து, ரத்தம் முழங்கை வரை வழிந்தது. அறிவிப்பை என் போர்வைமேல் போட்டுவிட்டு டாக்டர் பாய்ந்து வந்து அழுத்திப் பிடித்தார். பத்து நிமிடம் விரலை எடுக்கவில்லை. ரத்தம் நின்றதும் இயந்திரத்தின் ஓரத்துக்குக் கையை நீட்டினார். பஞ்சின்மேல் ஒரு துண்டு. பக்கத்தில் இன்னொன்று. இரண்டே போதும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அறிவிப்புக்கென்று மிச்சமிருந்த இரண்டையும் எடுத்து, குறுக்கும் நெடுக்குமாக என் கையிலேயே ஒட்டினார்.