தெருவில் இறைந்த அரிசியும் உப்பும்

போன வாரம் நண்பர் மகனின் கல்யாண வரவேற்புக்காகப் புதுச்சேரியில் ஓர் ஓட்டலுக்குப் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் ஓர் ஊதுவத்தி வாசனை. நம்முடைய மல்லிகை, சந்தன வத்தி இல்லை. ஈர மரப்பட்டையைக் கொளுத்தியது போலக் கொஞ்சம் கசப்பான புகை. எனக்குக் கையெல்லாம் புல்லரித்துவிட்டது. வாசலில் நின்ற பெண், "ஏசி அதிகமா இருக்கா சார்?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். பேய் வாசனை வருகிறது என்றா சொல்ல முடியும்?

அந்த வாசனையை நான் முதன்முதலில் முகர்ந்தது சுனாமி வந்த வருஷம், ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்பு. வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்துத் தெருவில் மாடி அறையில் குடியிருந்தேன். பிரவுசிங் சென்டரில் வேலை. கம்ப்யூட்டர் முன்னால் தூங்கி வழிகிறவர்களைத் தட்டி எழுப்புவதுதான் என் உத்தியோகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டில் மதாம். பிரெஞ்சில் அம்மா மாதிரி ஒரு மரியாதைச் சொல், நேரில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். வயதானவர், தனியாள். அவர் புருஷன் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நம்மூர்த் தமிழர். வியட்நாமின் சைகோனில் இருந்தபோது இவரைக் கட்டி இங்கே கூட்டி வந்துவிட்டார். அவரும் போய்ச் சேர்ந்தார், மகனும் பிரான்சில் தங்கிவிட்டார்.

சைகோன் எங்கே, சீனா எங்கே? தெருவுக்கு அந்த வித்தியாசமெல்லாம் வேண்டாம். தோலும் கண்ணும் வேறாக இருந்தால் சீனாக்காரிதான். பிள்ளைகள் கண்ணை இழுத்துக் காட்டிவிட்டு ஓடும். கல்யாணப் பத்திரிகைகள் அந்த வீட்டை மட்டும் தாண்டிப் போகும். நான் மட்டும் பெரிய வீரனா? அவர் சிரித்தால் செருப்பைத் தேடுகிறவன் போலக் குனிந்துகொள்வேன்.

அந்த ஆவணிப் பௌர்ணமி ராத்திரி எதிர்வீட்டுப் பக்கமிருந்து அந்தக் கசப்புப் புகை வந்தது. மறுநாள் காலை, அவர் வாசலுக்கு முன்னால் அரிசியும் கல்லுப்பும் இறைந்து கிடந்தன. வைத்திக்குப்பத்து அஞ்சலை அந்த வருஷம் முதல் தினமும் மீன் கூடையை இறக்குகிற இடம் அது. "எவடி எனக்குச் செய்வினை வச்சது?" என்று மண்ணை வாரித் தூற்றினாள். தெருவே மதாம் வீட்டைப் பார்த்தது.

மார்கழியில் சுனாமி. அஞ்சலையின் தம்பி முருகவேல் கனகசெட்டிக்குளத்தில் பெண் எடுத்து அங்கேயே இருந்தவன். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவனைக் கடல் கொண்டுபோய்விட்டது. உடம்பு கிடைக்கவில்லை. உடம்பைப் பார்க்காமல் காரியம் செய்யவே கூடாது என்று அஞ்சலை ஒற்றைக் காலில் நின்றாள். "வந்துடுவான் பாரு" என்பாள். அடுத்த மூச்சிலேயே, "சீனாக்காரி கொன்னுட்டா" என்பாள். இரண்டும் எப்படிச் சேரும் என்று கேட்க யாருக்குத் தைரியம்?

அடுத்த ஆவணிப் பௌர்ணமி. விளக்கு வைக்கிற நேரம். அதே புகை மாடிக்கு ஏறி வந்தது. எட்டிப் பார்த்தேன். மதாம் வாசலில் ஒரு முக்காலி போட்டு, கஞ்சிக் கிண்ணங்கள் வைத்து, மூன்று வத்தி கொளுத்தியிருந்தார். கையில் அரிசியும் உப்பும் கலந்த தட்டு. அதை வீசப் போன நேரத்தில் அஞ்சலை பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். இன்னொரு கையில் மீன் வெட்டுகிற கத்தி.

"எந்தம்பிய என்னாடி பண்ண?"

மதாம் கையை உதறவில்லை. "சோறு போடறேன்," என்றார். "பொணம் கெடைக்காதவங்க பசியோட தெருத்தெருவா சுத்துவாங்க. அவங்களுக்கு யார் போடுவா? எங்க ஊர்ல இன்னிக்கு எல்லாரும் போடுவாங்க. என் அண்ணனுங்க ரெண்டு பேரு சண்டையில போனாங்க. மொகத்தக்கூட பாக்கல. வருஷா வருஷம் பேர் சொல்லிக் கூப்பிடறேன். பேர் சொன்னாத்தான் வருவாங்க." பிறகு, "உன் தம்பி பேரு என்னா?" என்றார்.

அஞ்சலைக்குத் தெரியும்: பேரைச் சொன்னால் அவன் செத்தவனாகிவிடுவான். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. மூன்று வத்திகளின் நுனி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. அப்புறம் இருட்டிலிருந்து அவள் குரல் கேட்டது: "முருகவேலு."

மதாம் தெருவைப் பார்த்து, விளையாடப் போன பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில், "முருகவேலு, வாப்பா, சாப்பிட வா," என்றார்.

காற்று நின்றது. நாய்கள் வாயை மூடிக்கொண்டன. எங்கிருந்தோ ஈர வலையின் வாடை. மழை பெய்து நாளாகியிருந்தது. அஞ்சலையின் கூடையும் அங்கே இல்லை. கஞ்சிக் கிண்ணத்தில் கரண்டி இடித்தது போல ஒரு சத்தம். பூனை என்று வைத்துக்கொள்ளுங்கள். நானும் இத்தனை வருஷமாக அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அஞ்சலை கத்தியைப் போட்டுவிட்டு, "வந்துட்டான்," என்று தரையில் உட்கார்ந்து கதறினாள். மதாம் அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அந்த வாரமே காரியம் நடந்தது. மதாமும் பந்தியில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்கப்புறம் கூடையில் நல்ல வஞ்சிரம் இருந்தால் முதல் துண்டு அவருக்குத்தான். அடுத்தடுத்த ஆவணிகளில் தெருப் பெண்கள் சிலரும் கிண்ணத்தோடு வந்து, அவரவர் வீட்டில் தொலைந்துபோனவர்களைக் கூப்பிட்டார்கள். கேட்கக் குலை நடுங்கும். ஆனாலும் ஒரு வருஷம்கூட நான் உள்ளே போய்ப் படுத்ததில்லை.

பிறகு மகன் வந்து மதாமைப் பிரான்சுக்குக் கூட்டிப்போனார். வீடு கைமாறியது. மதாம் அங்கேயே இறந்துவிட்டார் என்று கொஞ்ச நாளில் சேதி வந்தது. அந்த ஆவணியில் பூட்டிய வாசல் முன்னால் அஞ்சலை கஞ்சி வைத்தாள். தம்பியைக் கூப்பிட்டாள். பிறகு மாடியை நிமிர்ந்து பார்த்து, "தம்பி, மதாம் பேரு என்னா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. கீழ்வீட்டுக்காரரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. தெருவில் வாசல் வாசலாகப் போய்க் கேட்டோம். ஒருத்தருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்தபோது கஞ்சி ஆறிப் போயிருந்தது. பக்கத்தில் யாரோ பசியோடு நிற்பது போலிருந்தது. அஞ்சலை அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.