மேட்டில் ஒரு சிரிப்பு

அச்சகத்தில் அவனை எல்லோரும் "ஓவியர்" என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டரில் வரைந்தாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு என்று வரைந்து அலுத்தவனுக்கு, நகர நிர்வாகத்திலிருந்து அந்த வேலை வந்ததும் தலைகால் புரியவில்லை. தினமும் சைக்கிளில் போகிறவர்களைக் கொண்டாடும் போஸ்டர்கள். பந்தயக்காரர்கள் வேண்டாம், சாதாரண மனிதர்கள்தான் வேண்டும் என்றார் அதிகாரி.

அதற்கு அவன் ஊரெல்லாம் அலைய வேண்டுமா என்ன? வீட்டிலேயே அக்கா இருந்தாள். அப்பா போன பிறகு, ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் சலவைக்கூடத்தில் சேர்ந்து அவனை ஆளாக்கியவள். இன்னமும் மேம்பாலம் தாண்டி சைக்கிளில்தான் வேலைக்குப் போனாள்.

தபால்காரர், கொத்தனார் என்று வரைந்துவிட்டுக் கடைசியாக அவளை வரைந்தான். இடுப்பில் செருகிய முந்தானை, ஹேண்டில்பாரில் ஆடும் சாப்பாட்டுப் பை, எதிரே பாலத்து மேடு. எல்லாம் அச்சு அசல். முகத்தில் மட்டும் கைச்சரக்காக ஒரு சிரிப்பைச் சேர்த்தான். வாய்விட்டுச் சொல்லாத நன்றியெல்லாம் அதில் வந்துவிட்டதாக அவனுக்கு நினைப்பு. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போஸ்டர் ஊரெங்கும் ஏறியது. அன்று மாலை அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"என்னைக் கேட்டியாடா?"

"உனக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்க்கா."

"முட்டி தேஞ்சு போச்சு, கம்பெனி வேன்ல ஒரு இடம் குடுங்கன்னு சூப்பர்வைசர்கிட்ட எத்தனை நாளா கெஞ்சிட்டிருக்கேன்! இன்னிக்கு அந்தாளு உன் போஸ்டரைக் காட்டி, 'மேட்டுலயே பல்லைக் காட்டிட்டு ஏறுறியேம்மா, உனக்கெதுக்கு வேனு?'ங்கறான். எல்லாரும் சிரிக்கறாங்க. இடத்தை வேற ஒருத்திக்குக் குடுத்தாச்சு."

"அது வெறும் படம்தானேக்கா. நான் வந்து சொல்றேன்."

"அந்த மேட்டுல நான் மிதிச்சு ஏறி நீ பாத்திருக்கியா? எறங்கித் தள்ளிட்டுதான் போவேன். பைக்ல பறக்கறவனுக்கு எங்க தெரியும்?"

அவனுக்குத் தெரியாதுதான். ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்றும் தெரியாது.

மறுநாள் சலவைக்கூடத்துக்குப் போய்க் கெஞ்சினான். "தம்பி, படம் அருமை! எங்க கம்பெனிக்கே பெருமை," என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார் சூப்பர்வைசர். அன்றே உட்கார்ந்து வேறு படம் வரைந்தான். அதே மேடு, அதே பை. ஆனால் இறங்கி, குனிந்து, சைக்கிளைத் தள்ளும் பெண். அதிகாரி அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"இதைப் பாத்து எவன் சைக்கிளை எடுப்பான்? சிரிக்கற அம்மாதாங்க ஹிட்டு. அதையே பெருசா அடிங்க."

அச்சக முதலாளி வேலையைக் கைவிட விடுவாரா? சுவர் அளவுக்கு அச்சான அக்காவின் பல்வரிசையில் மஞ்சள் படியாதபடி நிறம் சரிபார்த்ததும் அவனேதான்.

அவள் சண்டையை வளர்க்கவில்லை. தட்டு வைத்தாள், சோறு போட்டாள். பேச்சு மட்டும் அளவோடு நின்றது. ஒரு மழை நாள் காலையில் அவன் பைக் சாவியோடு குறுக்கே நின்றான்.

"ஏறுக்கா, விட்டுட்டுப் போறேன்."

"இன்னிக்கு விடுவ. நாளைக்கு?"

அவள் பிளாஸ்டிக் உறையைத் தலையில் கட்டிக்கொண்டு சைக்கிளை வெளியே உருட்டிவிட்டாள்.