பனிமலை அடிவாரத்தில் புளிசோறு

இதை எழுத உட்காருவதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள் நான். விசேஷ வீட்டில் நான்கு பேர் முன்னால் ஒரு வார்த்தை பேசச் சொன்னாலே சமையல்கட்டுப் பக்கம் நழுவிவிடுவேன். பனிமலைகளைப் பற்றியும் அங்கே எந்தக் கடையில் என்ன சாப்பிடலாம் என்றும் எழுத, ஜப்பான் வரைக்கும் போய்ப் பனியில் சறுக்கிவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்தது ஒரே ஒரு பனிமலை. அதற்குக் கூரை உண்டு, வாசலில் டிக்கெட் உண்டு. துபாயில் ஒரு மாலுக்குள் இருந்தது. அதன் அடிவாரத்தில் நாங்கள் சாப்பிட்ட கதையைச் சொல்ல எங்கள் வீட்டில் வேறு யாரும் முன்வராததால் நான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சின்னவளாக இருந்தபோது நாங்கள் ஷார்ஜாவில் இருந்தோம். அப்பாவுக்கு ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, சவூதியில், ஜுபைலில் ஒரு பிளாண்டில் டெக்னீசியன். கம்பெனி கேம்ப்பில் மற்ற ஆண்களோடு தங்கியிருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் அவருக்கு லீவு. ஒவ்வொரு லீவிலும் பெண் பார்ப்பார்கள், ஒவ்வொரு லீவும் பெண் பார்த்ததோடு முடியும். நெற்றி வேறு ஏறிக்கொண்டே போயிற்று. "அடுத்த லீவுல முடி இருக்குமான்னு நான் உறுதி தர முடியாது அண்ணே" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பெண் பார்க்கப் போன இடத்தில் காபி குடிக்கலாம், பலகாரம் தின்னலாம், வாழைப்பழம்கூட உரிக்கலாம். சோறு மட்டும் சாப்பிடக் கூடாது. அந்த வீட்டுச் சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதைக் கை நனைப்பது என்பார்கள். முந்தைய லீவில் சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கப் போனபோது மதியமாகிவிட்டது. அந்த வீட்டார் இலை போட்டார்கள். அப்பா நல்ல பசியில் உட்கார்ந்து, ரசம் வந்த பிறகுதான் விஷயம் உறைத்து எழுந்திருக்கிறார். பிறகு ஜாதகம் பொருந்தவில்லை என்று ஆனது. 'கையை நனைச்சிட்டு ஓடின ஆளுங்க' என்ற பேர் எங்கள் குடும்பத்துக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பேரைக் கேட்டே அடுத்து வந்த இடங்கள் விலகிப் போயின. இதெல்லாம் பிற்பாடு அம்மா சொல்லி எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது.

இந்த முறை வந்தது குவைத் சம்பந்தம். பெண்ணின் அப்பா ஃபஹாஹீலில் ஒரு கடையில் கணக்கு பார்ப்பவர். பெண் அங்கேயே ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தார். பெண்ணின் பெரியம்மா அஜ்மானில் இருந்தார்; அவர் வீட்டுக்குப் பெண்ணும் அப்பா அம்மாவும் வந்திருந்தார்கள். சித்தப்பாவும் ஊருக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். எங்கே வைத்துப் பார்ப்பது என்பதுதான் கேள்வி.

"வீட்டுக்குக் கூப்பிட்டா சோறு போடணும். போட்டா அவங்க சாப்பிடணும், இல்லன்னா வேண்டாம்னு எந்திரிக்கணும். ரெண்டுமே வம்பு" என்றார் அப்பா.

"அப்ப ஓட்டல்ல வச்சிக்கலாம்" என்றாள் அம்மா.

"ஓட்டல்ல என்ன மண்ணா போடுவான்? அங்கயும் சோறுதான்டி!"

இரண்டு நாள் யோசித்து அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். அது நோன்பு மாதம். அந்த ஊரில் நோன்பு மாதத்துப் பகலில் பொது இடத்தில் யாரும் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. எந்த மதத்துக்காரருக்கும் அதுதான் சட்டம். "நாம கூப்பிடவும் வேண்டாம், அவங்க மறுக்கவும் வேண்டாம். கவர்மெண்டே பாத்துக்கும்" என்றார். சாயங்காலம் நோன்பு திறப்பதற்குள் பார்த்துப் பேசிக் கும்பிடு போட்டுப் பிரிந்துவிட வேண்டும். இடம், புதிதாகத் திறந்திருந்த பனிமலை. குவைத்திலிருந்து வந்தவர்களுக்கு அதைக் காட்டினால் நமக்கும் ஒரு கௌரவம்.

வியாழக்கிழமை அப்பா தனியாகப் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டும் வந்தார். பனிமலையில் எங்கே சாப்பிடலாம் என்று விசாரிக்கிறவர்கள் உண்டு. எங்கேயும் சாப்பிட முடியாது என்பதை உறுதி செய்துகொள்ளப் போனவர் என் அப்பா ஒருவராகத்தான் இருப்பார். கண்ணாடி வழியாகப் பனியைப் பார்த்தபடி சாப்பிடும் பெரிய ஓட்டல், மலைச் சரிவில் இருந்த சாக்லெட் பால் கடை, மேல் மாடியின் வரிசைக் கடைகள் எல்லாவற்றிலும் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்களாம். கடை சாத்தியிருப்பதை அப்பா அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பும்போது, அம்மா ஒரு பெரிய தூக்கில் புளிசோறும் ஒரு டப்பாவில் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துக் கார் டிக்கியில் வைத்தாள்.

"இது எதுக்கு?" என்றார் அப்பா, போலீஸ்காரர் மாதிரி.

"திரும்பி வரப்ப டிராபிக்ல மாட்டினா புள்ளைக்குப் பசிக்கும். நமக்குத்தான்."

"டிக்கிய விட்டு இது வெளிய வரக் கூடாது."

பனிமலையில் டிக்கெட்டோடு கோட்டும் பேண்டும் பூட்ஸும் வாடகைக்குத் தருவார்கள். கையுறை மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டும். அம்மா புடவையை அந்தப் பேண்டுக்குள் திணித்துக்கொண்டு, இரண்டு தலையணை கட்டியவள்போல நடந்தாள். பெண்ணின் அம்மா நிலைமையும் அதேதான். ஒருவரை ஒருவர் பார்த்ததும் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அவர்கள் அந்த நிமிடத்திலேயே சம்பந்திகள் ஆகிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். பெண்ணின் அப்பா மட்டும் கோட்டுக்குள்ளே டை கட்டியிருந்தார், சிரிக்கவில்லை. நான் பெண்ணை 'அக்கா' என்று கூப்பிட்டேன். அவர் என் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டார்.

அப்பா விருந்தாளிகளுக்கும் எனக்கும் அம்மாவுக்கும் கையுறை வாங்கினார். சித்தப்பா வேண்டாம் என்றுவிட்டார். "ஜுபைல் வெயில்ல பர்னஸ் பக்கத்துல நிக்கிறவன் நான். இந்த ஐஸ் என்னை என்ன பண்ணிரும்?" உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அவர் பற்கள் தையல் மெஷின்போல அடித்துக்கொண்டன.

நானும் அக்காவும் சித்தப்பாவும் ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து சறுக்கினோம். முதல் முறை சித்தப்பா கவிழ்ந்து, முகமெல்லாம் பனியோடு எழுந்தார். அக்கா சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தன் அப்பா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அவரும் என் அப்பாவும் பனி படிந்த பெஞ்சில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப்போல உட்கார்ந்திருந்தார்கள்.

"மாப்பிள்ளை கேம்ப்லதான இருக்காரு? பேமிலி விசா கிடைக்குமா?" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது.

"கம்பெனில எழுதிக் கொடுத்திருக்கான். கிடைச்சிரும்ங்க."

"கிடைச்சிருமா, கிடைச்சிருச்சா?"

அப்பா பூட்ஸைப் பார்த்தார். "கிடைச்சிரும்."

"சரி, யோசிச்சிச் சொல்றோம்" என்றார் அவர்.

யோசித்துச் சொல்கிறோம் என்றால் யோசிக்கப் போவதில்லை என்று பொருள். அதுகூட எனக்குப் புரியாது. அப்பாவின் முகம் தொங்கிப் போனதைப் பார்த்து, அவருக்கும் குளிருகிறது என்று நினைத்தேன்.

அத்தோடு எல்லோரும் வெளியேறியிருக்க வேண்டியது. பெண்ணின் அப்பா எழுந்து கோட்டுப் பையைத் தடவினார். சட்டைப் பையைத் தடவினார். பிறகு மற்றவர்கள் பைகளைச் சந்தேகமாகப் பார்த்தார். அவர்கள் செருப்பு, பர்ஸ், பாஸ்போர்ட் எல்லாம் வைத்திருந்த லாக்கரின் சாவியைக் காணோம். நடந்த இடம் பூராவும் வெள்ளை, சாவியும் வெள்ளி நிறம். காவலாளியிடம் சொன்னால் "வெயிட்" என்றான். அவனும் நோன்பு, பாவம், பேசத் தெம்பில்லை.

சித்தப்பா யாரையும் கேட்கவில்லை. பெஞ்சடியில் மண்டியிட்டு வெறுங்கையால் பனியைக் கிளற ஆரம்பித்தார். கிளறிய இடத்தை ஒதுக்கி, அடுத்த இடம், அதற்கடுத்த இடம் என்று முறையாகப் போனார். நாய் எலும்பைத் தேடுவதுபோல இருந்தது எனக்கு. கொஞ்ச நேரத்தில் அக்காவும் பக்கத்தில் மண்டியிட்டார்.

"கையக் காட்டுங்க."

"ஒண்ணுமில்லங்க. மரத்துப் போச்சு, அவ்வளவுதான்."

"கையுறை இல்லாம யாரு உங்கள எறங்கச் சொன்னது?"

"வெயில்னா எனக்குப் பழக்கம்ங்க. பனி இன்னிக்கித்தான் அறிமுகம்."

அக்கா தன் கையுறை ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். சித்தப்பாவின் விரல்கள் அதில் நுழையவில்லை. கடைசியில் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெறுங்கையால்தான் தேடினார். வெகுநேரம் கழித்துச் சாவி கிடைத்தது. பெண்ணின் அப்பா வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்" என்றார். தம்பி என்றோ மாப்பிள்ளை என்றோ அதில் எதுவும் சேர்க்கவில்லை.

நாங்கள் உடை மாற்றி வெளியே வரும்போது பாங்கு சொல்லிவிட்டார்கள். நோன்பு திறந்தாயிற்று. அப்பாவின் திட்டம் அந்த நிமிடத்தோடு காலாவதியானது. கவிழ்ந்து கிடந்த நாற்காலிகள் நிமிர்ந்துவிட்டன. ஒவ்வொரு கடை முன்னாலும் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. மாலே சமையல் வாசனையாக இருந்தது. பனியில் புரண்ட பசி எப்படியிருக்கும் என்று ஜப்பான் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மதியம் அம்மா பாத்ரூமில் ஒளித்து வைத்துக் கொடுத்த ஒரு பிஸ்கட்டோடு இருந்த நான், "பசிக்குது" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"கார்ல போய்க் குடுக்கலாம்" என்றாள் அம்மா அவசரமாக.

வெளிப் பார்க்கிங்கில் எங்கள் காருக்குப் பக்கத்தில் நாலைந்து டிரைவர்கள் செய்தித்தாள் விரித்து நோன்பு திறந்துகொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருவர், "ஆவோ பாய், ஆவோ" என்று பேரீச்சம்பழத் தட்டை நீட்டினார். பெண்ணின் அப்பா தயங்கி, என் அப்பாவைப் பார்த்தார்.

"பழம்தான? தாராளமா எடுங்க. பழத்துக்கு ஒண்ணுமில்ல" என்றார் அப்பா.

அவர் எடுத்தார். பக்கோடா வந்தது. அதற்கும் ஒன்றுமில்லை என்று தீர்மானமாயிற்று. அந்தச் சமயத்தில் அம்மா எனக்காக டிக்கியைத் திறந்து தூக்கின் மூடியை எடுத்தாள். நல்லெண்ணெயும் பெருங்காயமும் புளியும் கலந்த வாசனை. எல்லோர் தலையும் டிக்கிப் பக்கம் திரும்பியது.

"அக்கா, எனக்குக் கொஞ்சம் சோறு போடுங்க" என்று அம்மாவிடம் கேட்டார் அந்த அக்கா.

பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார். "வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்மா. பெரியம்மா சமைச்சு வச்சிருப்பா."

"பசிக்குதுப்பா."

என் அப்பா நினைத்திருந்தால் அந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் முன்னே வந்து, "ஸ்பூன்ல சாப்பிடட்டும்ங்க. ஸ்பூன்ல சாப்பிடறது சும்மா பசிக்கு. அதெல்லாம் கணக்குல வராது. நாங்க நாளைக்கி ஒரு வார்த்தை பேச மாட்டோம்" என்றார். பெண்ணின் அப்பாவுக்கு முகம் தெளிந்தது. "அப்பன்னா சரி" என்றார்.

"ஓடு, உள்ள கடையில ஒரு ஸ்பூன் வாங்கிட்டு வா" என்று அப்பா என்னை விரட்டினார்.

எனக்கு அதுவரை ஒரு கடைக்காரரிடம் தனியாகப் பேசிப் பழக்கமில்லை. கூட்டத்தில் நுழைந்து, யார் யார் முழங்கைக்கோ கீழே புகுந்து, ஒரு கவுண்டர் முன்னால் போய் நின்றேன். அந்த பிலிப்பினோ அக்கா என்ன வேண்டும் என்று கேட்டார். எனக்கு நாக்கு எழவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "ஒன் ஸ்பூன்" என்றேன், அழுகிற குரலில். "ஒன்லி ஸ்பூன்?" என்று சிரித்து, காகிதத்தில் சுற்றிய வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றைக் கொடுத்தார். உலகத்தையே ஜெயித்தவள்போல ஓடி வந்தேன்.

அக்கா அதை வாங்கிக்கொண்டார். "தேங்க்ஸ்டா" என்று என் கன்னத்தைத் தட்டினார். பிறகு காகிதத்தைப் பிரிக்காமலே அதை டிக்கியின் ஓரத்தில் வைத்தார். சித்தப்பாவைப் பார்த்து, "கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்றார். சித்தப்பா சிவந்து வீங்கிய விரல்களால் பாட்டிலைப் பிடித்துச் சாய்த்தார். பாதித் தண்ணீர் அவர் செருப்பிலேயே விழுந்தது. அக்கா வலது கையைக் கழுவி, உதறி, அம்மா தட்டில் வைத்துக் கொடுத்த சோற்றைப் பிசைந்து முதல் வாய் எடுத்துச் சாப்பிட்டார்.

"அக்கா, ஸ்பூன் இருக்கு" என்றேன்.

"தெரியும்டா."

"அது சுத்தமான ஸ்பூன்தான்."

அம்மா சிரித்தாள். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா எதற்கோ டிரைவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். பெண்ணின் அம்மா, "எனக்கும் ஒரு தட்டு குடுங்க தாயி" என்று கையை நீட்டினார். அவர் கணவர் மகளைப் பார்த்தார். பிறகு டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, "தண்ணிய இந்தப் பக்கம் ஊத்துங்க மாப்பிள்ளை" என்றார். சித்தப்பா பாட்டிலைக் கீழே போட்டுவிட்டார்.

டிரைவர்களுக்கும் கொடுத்து, தூக்கு காலியாயிற்று. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் மட்டும் காருக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். அத்தனை கூட்டத்தில் அவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கி வந்ததை ஒருவரும் தொடக்கூட இல்லையே என்று அழுதேன். குவைத்தில் வேலை பார்க்கிறவருக்கு ஸ்பூனில் சாப்பிடத் தெரியவில்லை என்றும் அவரைக் கொஞ்சம் மட்டமாக நினைத்தேன். அன்றைக்கு அந்த ஸ்பூன் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால், சித்தி அதை ஒதுக்கி வைத்திருக்கவும் முடியாது என்பது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் எனக்குச் சளி பிடித்துப் பள்ளிக்கூடம் போகவில்லை. சித்தப்பா ஊருக்கு விமானம் ஏறினார்.