ஜீப்புக்கு மாடி கட்டிய அம்மா

எங்கள் அப்பா பிடிவாதக்காரர் என்று ஆம்பூரில் எல்லோரும் சொல்வார்கள். அவர்களுக்கு என் அம்மாவைத் தெரியாது.

யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துப் போட்ட ஜீப் ஒன்றை அப்பா ஏலத்தில் எடுத்திருந்தார். ஊர் ஊராகப் போய் உப்புப் போட்ட பச்சைத்தோலை வாங்கி அதில் ஏற்றி, தோல் பதனிடும் டேனரிகளுக்குக் கொடுப்பார். எங்களை அதில் ஏற்ற மாட்டார்.

அப்போதுதான் அக்காவை நர்ஸ் படிப்புக்கு வேலூருக்கு நேரில் வரச் சொன்னார்கள். இடம் கிடைக்காவிட்டால் கல்யாணம். மாப்பிள்ளை, பெண்டாட்டி செத்துப்போன ஒரு சொந்தக்காரர். அக்கா அவரைப் பார்த்தாலே உள்ளே போய்விடுவாள்.

"வண்டி தோலுக்கு. அவ பஸ்ஸுல போகட்டும். அன்னிக்கு ராணிப்பேட்டைக்கு லோடு இருக்குது" என்றார் அப்பா.

"என் பொண்ணு ஜீப்புலதான் போய் எறங்குவா. எவளும் அவள எளக்காரமா பாக்கக் கூடாது. உங்க தோலு மேல வரட்டும், நாங்க கீழ வர்றோம்" என்றாள் அம்மா.

மறுநாளே இரும்புப் பட்டறைக்குப் போனாள். பட்டறைக்கார பாய் சிரித்தார். "இன்னாம்மா, ஜீப்புக்கு மாடி கட்டச் சொல்றியே!"

"கட்டுங்க பாய். வாடகைக்கு உட மாட்டேன்."

நான்கு மூலையிலும் இரும்புக் கம்பம் நட்டு, மேலே கேரியர் வைத்தார் பாய். பின்னால் உட்கார, மடக்குகிற மாதிரி இரண்டு பலகை. தோலை ஏற்றிவிட்டு அம்மா கீழே உட்கார்ந்து ஊரைச் சுற்றி வந்தாள். இறங்கும்போது தலையெல்லாம் உப்புத்தண்ணீர். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா முகத்தைக் கூடக் கழுவாமல் பட்டறைக்குத் திரும்பினாள். கேரியருக்கு அடியில் விளிம்பு வைத்த தகரம், பின்பக்கம் சாய்வு, தண்ணீர் வெளியே போக ஒரு குழாய். அப்புறம் சொட்டவில்லை.

அந்த நாளும் வந்தது. அக்கா வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள். மேலே தோல், கீழே நாங்கள். வேலூரில் இறங்கியதும் அம்மா நடுரோட்டிலேயே அக்காவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு சொட்டு இல்ல" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள், கேஸ் ஜெயித்தவள் மாதிரி.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே கூட்டம். நாங்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததும் அதில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து பெஞ்சும் காலி. நான் காலை நீட்டிக்கொண்டேன். "ஜீப்புல வந்தோம் இல்லக்கா, அதான் மரியாதை" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"வாய மூடுடி" என்றாள் அக்கா. என் கையை நசுங்கப் பிடித்தாள்.

அவர்கள் எழுந்து போனது தோல் நாற்றத்தால் என்று எனக்கு வருஷங்கள் கழித்துத்தான் புரிந்தது. ஆம்பூரில் அதுதான் காற்று. சொட்டு விழாமல் பார்த்த அம்மாவுக்கு நாற்றம் என்று ஒன்று நினைவுக்கே வரவில்லை. மூக்கைப் பொத்தின அந்தப் பெண்கள் காலில் கிடந்த செருப்பு மட்டும் எந்தத் தோலாம்? இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா நிமிர்ந்து உள்ளே போனாள். அப்பா என்ன தொழில் என்று கேட்டதற்கு, "தோல் வியாபாரம்" என்று அவள் சொன்னது வராந்தா வரைக்கும் கேட்டது. சாயங்காலம் பெயர் படித்தார்கள். அவள் பெயர் இருந்தது. அம்மா அங்கேயே அழுதாள்.

திரும்பி வரும்போது அக்கா மெதுவாகச் சொன்னாள்: "சேர்ற அன்னிக்கு நான் பஸ்ஸுல போய்டறேம்மா."

"பாத்தியா, படிக்கறதுக்கு முன்னாடியே பவுசு!" என்றார் அப்பா. எனக்கும் கோபம் வந்தது. நன்றி கெட்டவள் என்று நினைத்தேன்.

அம்மா பலகையைத் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "பலகை குத்துதாடி?"

அக்கா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "ஆமாம்மா, கொஞ்சம் குத்துது."

அவ்வளவுதான். விடிந்ததும் அம்மா அப்பாவிடம் சண்டை போட்டு நல்லதாக ஒரு மாட்டுத்தோல் வாங்கிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினாள். பலகைக்குத் தோல் மெத்தை தைத்துவிட்டால் அக்கா ஜீப்பிலேயே வருவாள் என்றாள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கூடவே ஓடினேன்.