ஒரு வார்த்தை குடுங்கப்பா

ரயில் பெட்டியின் தகரச் சுவரில் விரல்கள் விழும் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போது எனக்கு வீட்டிலிருந்தே வேலை. ரயில் ஏறி வெகுநாளாயிற்று. அன்றெல்லாம் காலை வண்டியில் கதவோரம்தான் எங்கள் இடம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிற ஒருவர் ஆவடியில் ஏறுவார். பெட்டியில் எல்லாருக்கும் அவர் அண்ணாத்தே. ஏறியதும், "ஒரு வார்த்தை குடுங்கப்பா" என்பார். யாராவது ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் பெட்டிச் சுவரில் தாளம் தட்டி, அதை வைத்து ஒரு கானாப் பாட்டு கட்டிவிடுவார். கொசுவத்தி, இன்க்ரிமென்ட், மாமியார் வைத்த ரசம், எதைக் கொடுத்தாலும் பாட்டுதான்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். திருநின்றவூரில் வாடகை வீடு, தனியாள். கவிதை எழுதுகிறேன் பேர்வழி என்று, மழை வரட்டும், மனசு வரட்டும் என்று காத்திருந்து, ஒரு வரியும் எழுதாமல் தூங்கிப்போகிற ஜாதி. அவரைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல். ஒருநாள் வீம்புக்கு, "இன்னைக்கு ஒண்ணும் இல்லண்ணே" என்றேன்.

"ஒண்ணும் இல்லியா? அத்தயே பாடிட்டா போச்சு சார்!"

என் காலி டிபன் பையை வைத்துப் பாடி மானத்தை வாங்கிவிட்டார். பெட்டியே சிரித்தது. நாள் முழுக்க நான் மனிதர்களோடு இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

பிறகு அவர் மனைவி திடீரென்று இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து அவர் வந்த காலையில் எழுந்து இடம் கொடுத்தோம். ஒருநாளும் உட்காராத மனுஷர் உட்கார்ந்தார். துக்கத்தில் இருப்பவரிடம் போய்ப் பாட்டு கேட்பார்களா? யாரும் வார்த்தை கொடுக்கவில்லை. மரியாதை என்று நினைத்துக்கொண்டு ஆளுக்கொரு போனைப் பார்த்தபடி வந்தோம். கொஞ்ச நாளில் அவர் எங்கள் பெட்டிக்கு வருவதையே விட்டுவிட்டார்.

ஒரு மாலை வேலை முடிந்து வண்டி பிடிக்கப் போனபோது, அம்பத்தூர் பிளாட்பாரத்தில் அவர் வீட்டுச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஏன் வருவதில்லை என்று கேட்டேன்.

"வந்து இன்னா சார் பண்றது? நீங்கள்லாம் வாய மூடிக்கினு கீறீங்க. ஊட்லயும் பேச ஆளில்ல. ஒருத்தனாவது ஒரு வார்த்தை குடுப்பான்னு தெனம் வந்து பாத்தேன்."

அவர் கையைப் பார்த்து, "சாவி" என்றேன். சொன்ன பிறகு பயமாகிவிட்டது. அவர் பெஞ்சில் மெல்லத் தட்டத் தொடங்கினார்.

"சாவி கீது கையில, யாரு கீறா ஊட்டுல?
இருந்தாலும் தட்டுறேன் தெனம் நானு கதவுல."

பாடிவிட்டு அழுதார். நானும் அழுதேன். வண்டி வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு வேற வார்த்தை யோசிச்சிகினு வா சார்" என்று ஏறினார்.

வேலையிலிருந்து நின்றதும் அண்ணாத்தே தன் மகள் இருக்கும் ஊருக்கே போய்விட்டார். அவர் சாவியைப் பாடிய அந்த மாலையிலிருந்து எனக்கு எழுத வார்த்தைக்குப் பஞ்சமில்லை. படித்துக்காட்டத்தான் ஆளில்லை. கடைக்குப் போய்த் திரும்பினால் நானும் அவரைப் போலக் கதவைத் தட்டிவிட்டுத்தான் பூட்டைத் திறக்கிறேன். முந்தாநாள் தட்டுகிற சத்தம் கேட்டுப் பக்கத்து போர்ஷன் அம்மா எட்டிப் பார்த்தார்.

"உள்ள யாரு தம்பி, ஊர்லேர்ந்து வந்திருக்காங்களா?"

"யாருமில்லங்கம்மா" என்றேன்.