காசிம் வருவதற்குள் பதினொரு தட்டு

டிசம்பர் நாலாம் தேதி காசிம் வருவான். அலெக்சாந்திரியாவின் குளிர்காலப் புயல்களுக்குப் பெயரும் உண்டு, தேதியும் உண்டு. ஒரு நாள் முந்துவான், ஒரு நாள் பிந்துவான், வந்தால் ஐந்து நாள் தங்குவான்.

இரண்டாம் தேதி காலையில் கவுசர் மொட்டை மாடியில் நின்று கடலைப் பார்த்தாள். படகுகளைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஐந்து மாடிக் கட்டடத்துக்கு அவள்தான் காவல்காரி. காவல்காரனாக இருந்த புருஷன் மன்சூர் செத்த பிறகு, பதினொரு குடித்தனத்துக்கும் படிக்கட்டு கழுவுவது, குப்பை இறக்குவது, தண்ணீர் மோட்டார் போடுவது எல்லாம் அவள் தலையில். இருப்பது மொட்டை மாடியில் ஒற்றை அறை, தகரக் கூரை. அதில் பாதியை மகள் ரிஹாபின் கல்யாணச் சீர் அடைத்துக்கொண்டிருந்தது. ஆள் வைத்துப் பஞ்சு அடைத்த நாலு மெத்தை, ஆறு கம்பளி. பதினொன்றாம் தேதி தெருவே பார்க்க வண்டியேறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டியவை.

போன வருஷமும் போக வேண்டியவைதான். காசிமில் கூரை கிழிந்து அத்தனையும் ஊறிப்போயிற்று. கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. "சம்பந்தி வீட்டுக்குக் காசிம்தான் தேதி குறிக்கிறான்" என்று மாப்பிள்ளையின் தாய் சிரித்த சிரிப்பு கவுசரின் காதை விட்டு இன்னும் போகவில்லை.

இந்த முறை அவள் விடுவதாயில்லை. போன வருஷம் போட்ட தார்ப்பாய் காற்றில் படகுப் பாயாகப் புடைத்தது. இந்த வருஷம் பழைய மீன்வலையைக் கூரைமேல் விரித்தாள். வலைக்குள் காற்று புகுந்து போய்விடும். ஓரங்களைக் கைப்பிடிச் சுவரின் கம்பிகளில் இறுக்கினாள். ஆணி அத்தனையும் புதிது. கூரை ஆயிற்று. ஆனால் மாடியில் நிற்கும் டிஷ் தட்டுகள்? குடித்தனத்துக்கு ஒன்றாகப் பதினொன்று. ஒன்று கழன்றாலும் கூரை போச்சு. எல்லாவற்றையும் கழற்றிக் கவிழ்த்தாக வேண்டும். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்ட இறங்கினாள்.

"நாலாந்தேதி மேட்ச் இருக்கு, ரிஹாப் அம்மா! அதை யாரு பாக்குறது, காசிமா?" என்றார் நாலாம் மாடி வாத்தியார்.

"அன்னைக்குக் கரண்டே இருக்காது வாத்தியாரே. நீங்க மெழுகுவத்தியத்தான் பாக்கப் போறீங்க."

இரண்டாம் மாடியில் மேடம் இவ்லீன், "மெத்தையெல்லாம் என் வீட்டுல கொண்டாந்து போடேன்டி. ஹால் சும்மாத்தான கெடக்கு" என்றாள்.

"நாள் வராம சீரைப் படியிறக்குனா கண்ணு பட்டுரும் மேடம். போன வருஷம் பட்டதே போதும். தட்டை மட்டும் இறக்க விடுங்க."

"இறக்கிக்கோ. என் சீரியல்ல அவ மூணு மாசமா பிரசவ வலியில கெடக்கா. அஞ்சு நாள்ல பெத்துற மாட்டா."

மதியத்துக்குள் பத்துப் பேர் தலையாட்டிவிட்டார்கள். பதினொன்றாவது ஆள் மூன்றாம் மாடி ஹாஜி பய்யூமி.

"நாப்பது வருஷம் ட்ராம் ஓட்டுனவன் நான். என் கையால முடுக்குனது, அசையாது."

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க, ஹாஜி."

"அது கடலுக்குப் போச்சு. மீனுங்க படம் பாக்குது. இப்ப என்ன அதுக்கு?"

கவுசர் மேலே போனாள். கட்டிலுக்கடியில் சாக்கில் சுற்றி ஒரு வருஷமாக வைத்திருந்ததை இழுத்தாள். படிக்கட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து அவர் வாசலில் கொண்டுவந்து பிரித்தாள். நெளிந்துபோன டிஷ் தட்டு. பின்னால் பச்சைப் பெயின்டில், அவர் கையாலேயே: பய்யூமி, மூன்றாம் மாடி.

மன்சூர் செத்த மாதம், அறையை வேறு ஆளுக்கு விடலாமென்று குடித்தனக்காரர்கள் கூடிப் பேசியபோது, "அவ இங்கதான் இருப்பா" என்று எழுந்து நின்ற ஒரே மனுஷர் இவர். அதனால்தான் அது யார் தட்டென்று ரிஹாபிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை.

"கடலுக்குப் போகல, ஹாஜி. என் கூரையைக் கிழிச்சுட்டு மெத்தை மேல வந்து உக்காந்துச்சு."

அவர் தன் பெயரைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அது அழியவில்லை.

"ஒரு வருஷமா ஏம்மா சொல்லல?"

"சொல்லாமலே முடிச்சுரலாம்னு பாத்தேன். முடியல. இந்த வருஷம் எம்பொண்ணு போயே ஆகணும்."

அவர் உள்ளே போனார். கதவைச் சாத்தத்தான் போகிறார் என்று நினைத்தாள். ட்ராம் பணிமனைக் காலத்துப் பெரிய ஸ்பேனரோடு வெளியே வந்து, "நட" என்றார். முட்டிவலிக்காரர். திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, கட்டடம் கட்டினவனின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே ஏறினார். தன் தட்டைத் தானே கழற்றினார். கழற்றியபின் அடுத்தவர்களுடையதிலும் கை வைத்தார். பிற்பகல் அஸர் பாங்கு சொல்லும்போது பதினொன்றும் கவிழ்ந்து கிடந்தன, முதுகில் மணல் மூட்டையோடு.

காசிம் மூன்றாம் தேதி மத்தியானமே வந்துவிட்டான். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி உருண்டு தெருவில் விழுந்தது. கூரையின் ஒரு மூலை மட்டும் படபடவென்று அடித்தது. கவுசர் ஸ்டூலில் ஏறி, உள்ளிருந்தே கம்பி கோத்து, உள்ளங்கை கிழியக் கிழிய முறுக்கினாள். படபடப்பு நின்றது. வலை விசில் அடித்தது, ஆனால் அசையவில்லை. இறங்கி வந்து மெத்தைக்கடியில் கையை விட்டாள். காய்ந்த பஞ்சு.

நாலாம் தேதி காற்று கொஞ்சம் மூச்சு வாங்கியதும் வாத்தியார் மேலே ஏறி வந்தார். மாடிக் கதவுக்குக் கீழே கடைசிப் படியில், மடியில் ஸ்பேனரும் கையில் கவுசர் கொடுத்த பருப்பு சூப்புமாக, ஹாஜி பய்யூமி உட்கார்ந்திருந்தார்.

"ஹாஜி, கரண்டு வந்துருச்சு. என் தட்டை மட்டும் ஒரு மணி நேரம்..."

"எட்டாந்தேதி வா," என்றார் ஹாஜி, நகராமல். "காசிம் இன்னும் கெளம்பல."